கல்லும் சொல்லும்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்புமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். தமிழாசிரியன் என்ற முறையில், சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அத்துறைகளில் என்னினும் ஆழக் கற்றோர் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். ஆதலின், கற்ற ஒன்றைப் பற்றி எழுதாமல், கற்றுவிட்டதாக எண்ணி நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதத் துணிந்தேன். பழைய நகைகளிற் பதிந்திருக்கும் கற்களுள் மெய்யானவை எவை, போலியானவை எவை என்று அறியும் முறையும் இதனிடையே வரும். இன்றைய நாளில் அதனாற் பயன் பெறுவாரும் இருக்கலாம்.

தொடக்கத்தில் நம் கல்லூரி வகுப்பறை ஒன்றை நினைவுகூர்கின்றேன். மேல்வகுப்பில் எமக்குச் சிலப்பதிகாரம் கற்பித்த ஆசிரியர், வழக்குரை காதையை முடித்த அன்று, “பாண்டியன் செய்த பிழை யாது?” என்று வினவினார். “கோவலனைக் கொல்வித்தது” என்றான் ஒருவன். “பொற்கொல்லன் சொல்லை நம்பியது” என்றான் மற்றொருவன். ஆசிரியர் நிறைவு கொள்ளவில்லை. “சிலம்பு அவன் கையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். அந்தச் சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, ஓர் உயிர் போன பின்னர் அல்லவா கேட்டான்!” என்றார். நாங்கள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பரீட்சையிலும் எழுதி மதிப்பெண் பெற்றோம். அவ்வளவில் அது முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன்.

ஊவா மாகாணத்தை வெளியூரார் தேயிலையாலும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாலும் அறிவர். இரத்தினக்கல் என்றதும் அவர்தம் நினைவு இரத்தினபுரிக்கே செல்லும். ஆயினும் நம் மாகாணத்து மொனராகலை மாவட்டத்தில், புத்தலைக்கு அண்மையிலுள்ள ஒக்கம்பிட்டியப் பகுதியிலும் கற்குழிகள் உண்டு. மேல்மண்ணுக்குக் கீழே ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படை கிடக்கும். அதனை எடுத்துக் கூடையிலிட்டு நீரில் அலசினால், நல்லூழ் உடையார்க்கு நீலமும் கோமேதகமும் கிட்டும்.

தோட்டத்து லயங்களில் இருக்கும் நகைகளோ பெரும்பாலும் பலர் கைமாறி வந்த பழைய நகைகள். தமிழகத்திலிருந்து வந்த முன்னோர் காதிலும் மூக்கிலும் அணிந்து வந்தவை சில. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், தலைமன்னாரிற் கப்பலேறி இந்தியா சென்றோர் போகும் அவசரத்தில் அயலாருக்கு விற்றுச் சென்றவை சில. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் ஈடுவைத்து, எப்படியோ மீட்டெடுத்தவை சில. பங்களாவில் ஆயாவாக இருந்தவர்களுக்குத் துரைசாணிமார் ஊர் திரும்பும்போது கொடுத்துப் போனவை சில. பதுளைச் சந்தையில் வாங்கிய கவரிங் நகைகள் சில. இவை யாவும் ஒரே தகரப்பெட்டியில், ஒரே துணி முடிச்சில் கிடக்கும். எது எவ்வழி வந்தது என்று சொல்லக்கூடிய பாட்டிமார் மறைந்த பின்னர், அவற்றின் வரலாறும் மறைந்துவிடும். கல் மட்டும் எஞ்சி நிற்கும்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் பணியேற்ற காலத்தில், பதுளை நகரில் நகை பழுதுபார்க்கும் முதிய பத்தர் ஒருவர் இருந்தார். மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் பட்டறையில் உட்காருவது என் வழக்கமாயிற்று. ஒருநாள் வெள்ளைக்கல் தோடு ஒன்றைக் காட்டி, “இது என்ன கல், சொல்லுங்கள் பார்ப்போம்” என்றார். வைரம் என்றேன். அவர் நகைத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையை என்னிடம் தந்தார். கல்லின் மேற்பட்டையூடாக உள்ளே நோக்கியபோது, அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புக் கோடுகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. “இது மாத்தறை வைரம். பெயர்தான் வைரம். சாதி வேறு. வைரத்தில் கோடு இப்படி இரண்டாகத் தெரியாது. கண்ணாடியிலும் தெரியாது” என்றார்.

மாத்தறை வைரம் என்பது நிறமற்ற சிர்கோன் கல். நம் நாட்டின் தென்பகுதியில் நெடுங்காலம் வைரத்துக்கு மாற்றாக அணியப்பட்டது. உட்புகும் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும் இயல்பு அதற்கு மிகுதி. அந்த இரட்டைக் கோட்டைக் கண்ட மகிழ்ச்சியில் அடுத்த மாதச் சம்பளத்திலேயே ஒரு கைவில்லை வாங்கினேன். பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தால், கூட்டம் முடிந்தபின் இரண்டு மூன்று தாய்மார் துணி முடிச்சுகளோடு நிற்பர். நான் வில்லையைக் கண்ணிலே வைத்து, இது கண்ணாடி, இது கல் என்று தீர்ப்புக் கூறுவேன். தமிழ் வாத்தியாருக்குக் கல்லும் தெரியும் என்ற பேச்சு லயங்களிற் பரவியது. அதனை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

2006ஆம் ஆண்டில் ஒருநாள், கொழுந்து பறிக்கும் தாயொருத்தி ஒரு மோதிரத்தோடு வந்தாள். அவள் மகன் என் மாணவன். சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியெய்தியவன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் பதுளை நகருக்குப் போகவேண்டும். பஸ் கட்டணம், புத்தகம், மேலதிக வகுப்பு என்று செலவு உண்டு. மோதிரம் சிறியது. நடுவிலே தேன் நிறக் கல்லொன்று இருந்தது.

“சேர், இது எங்க மாமியாரோட மோதிரம். மாமனார் மொனராகலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல இருந்தப்ப வாங்குனதாம். கல்லு நல்ல கல்லுன்னா தனியா வெலை பேசலாம்னு சொல்றாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

வில்லையை வைத்துப் பார்த்தேன். விளிம்புக் கோடுகள் ஒற்றையாகவே இருந்தன. கல்லின் உள்ளே, சீனிப்பாகு நீரிற் கரையும்போது தோன்றுவது போன்ற சுழல்கள் தெரிந்தன. இடையிடையே உருண்டையான நுண்பொருள்கள் மிதந்தன. கண்ணாடியில் சுழலும் குமிழியும் இருக்கும் என்று நான் படித்திருந்தேன். மூன்றும் பொருந்திவிட்டன. “அம்மா, இது கண்ணாடி. தங்கத்துக்கு மட்டும் விலை கேளுங்கள்” என்று சொன்னேன். சொல்வதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

அவள் அவ்வாறே செய்தாள். நகரத்துக் கடையொன்றில் கல்லைக் கழற்றிவிட்டுப் பொன்னை நிறுத்து எடுத்துக்கொண்டு, கல்லை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த கல்லை இளைய பெண்பிள்ளை விளையாட எடுத்துக்கொண்டாள். சில நாளில் அது லயத்தின் பின்புறத்துக் கானில் விழுந்து மழைநீரோடு போயிற்று. மோதிரப் பணம் சில மாதங்களுக்கே போதியதாயிற்று. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மாணவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றான். அவ்வாறு சென்றோர் பலர். அவனையும் அவர்களுள் ஒருவனாக எண்ணி வருந்தினேனேயன்றி, அதற்கும் எனக்கும் தொடர்பு உண்டென்று அன்று நான் நினைக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2014ஆம் ஆண்டில் கதிர்காம யாத்திரை முடித்துச் சக ஆசிரியர்களுடன் திரும்பும் வழியில், மாளிகாவில புத்தர் சிலையைக் கண்டுவிட்டு ஒக்கம்பிட்டியவில் தங்கினோம். எம்முடன் வந்த சிங்கள ஆசிரியர் ஒருவரின் உறவினர் அங்கே கல் வணிகம் செய்பவர். எமக்குக் காட்டுவதற்காக வெள்ளைத் தாளொன்றை விரித்து, ஒரு கைப்பிடிக் கற்களை அதன்மீது கொட்டினார். அவற்றுள் தேன் நிறத்தில் ஏழெட்டுக் கற்கள் கிடந்தன. நான் வழக்கம்போல் வில்லையை எடுத்தேன்.

ஒற்றைக் கோடு. சீனிப்பாகுச் சுழல். மிதக்கும் உருண்டைகள்.

“கண்ணாடியும் விற்பதுண்டோ?” என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். “மாஸ்டர், இது கோமேதகம். இந்த மண்ணிலே எடுத்தது. சுழல் இருப்பதுதான் இதற்கு அடையாளம். வெயிலில் தார் வீதிக்கு மேலே காற்று நடுங்குமே, அதுபோல இருக்கும். உருண்டையாகத் தெரிவது குமிழி இல்லை, உள்ளே அடங்கிய வேறு மணி. குமிழி என்றால் கறுத்த வளையம் போட்டதுபோலச் சரிவட்டமாக இருக்கும். நன்றாகப் பாருங்கள்” என்றார். பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. வளைவுகள் இருந்தன, சரிவட்டம் இல்லை. சிலவற்றுக்கு மூலைகளும் இருந்தன.

என் கை நடுங்கியதை அவர் கவனித்திருக்க மாட்டார். மொனராகலைப் பக்கத்தில் வாங்கியது என்று அந்தத் தாய் சொல்லியிருந்தாள். அச்சொல்லை நான் கேட்டும் கேளாதவனாக இருந்தேன். இரு தலைமுறை அணிந்த மோதிரமாயினும் கல்லின் பட்டை விளிம்புகள் கூர்மையாகவே இருந்தன. கண்ணாடியாயின் அவை தேய்ந்திருக்கும். அதனையும் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கல் கைதவறிப் போயிற்றாதலால், அது கோமேதகமே என்று இன்று சத்தியம் செய்ய இயலாது. ஆயினும் கண்ணாடி என்று அன்று சத்தியம் செய்தவனைப் போலச் சொன்னேன் அல்லவா!

என் பிழை எங்கே நேர்ந்தது என்று பஸ் பயணம் முழுவதும் எண்ணினேன். கோடு இரட்டித்தால் அது கண்ணாடி அன்று. பத்தர் காட்டித் தந்த அந்த உண்மையைத் தலைகீழாக்கி, கோடு இரட்டிக்காவிட்டால் அது கண்ணாடியே என்று நானாகக் கொண்டேன். மழை பெய்தால் முற்றம் நனையும். அதனால், முற்றம் நனைந்ததெல்லாம் மழையால் என்று ஆகுமா? வைரத்திலும் கோடு இரட்டிக்காது. கோமேதகத்திலும் ஸ்பினலிலும் இரட்டிக்காது. வைரத்தில் இரட்டிக்காது என்று அந்தப் பெரியவர் அன்றே சொன்னார். அதை என் காது கேட்டது, கருத்து வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அமர்த்தித் தேநீர் தந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கோமேதகம் என்பது ஒரு குடும்பத்தையே உயர்த்திவிடும் விலையுடைய கல்லன்று. ஆயினும் ஒரு பிள்ளையின் இரண்டாண்டுப் பஸ் கட்டணத்துக்குப் போதாது என்றும் சொல்ல இயலாது. இதனையும் மறைக்காமற் சொன்னேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அவன் படிக்காமப் போனதுக்குக் கல்லு மட்டுமா காரணம் சேர்? அவங்க அப்பாவுக்குச் சொகமில்ல, எனக்கும் பேர் விழல. அதெல்லாம் இருந்துச்சு. ஆனா, நீங்க அன்னிக்கே தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பண்டாரவளைக்குக் கொண்டுபோயி வேற ஆள்கிட்டக் காட்டியிருப்பேன். அவ்வளவுதான்” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அதன்பின் இரண்டாண்டு எந்த நகையையும் நான் கையால் தொடவில்லை. தொடாமல் விடுவதும் பரிகாரம் ஆகாது என்று பிறகு தோன்றியது. தாய்மார் முடிச்சுகளோடு வருவது நிற்கவில்லை. நான் பார்க்காவிட்டால், விலைக்கு வாங்க வருபவரே கல்லுக்குப் பெயரும் வைப்பார். எனவே ஒழுங்காகக் கற்க முனைந்தேன். கற்றவற்றுட் சிலவற்றை இங்கே தருகின்றேன்.

கல்லைக் கீறிப் பார்த்தல் ஆகாது. அது நகையைக் கெடுக்கும். மோஸ் என்ற அறிஞர் 1812ஆம் ஆண்டில் வகுத்த கடினத்தன்மை வரிசையில் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை, படிகக்கல் 7, நீலமும் சிவப்பும் அடங்கிய குருந்தம் 9, வைரம் 10. குருந்தம் என்ற நம் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்திற் ‘கொரண்டம்’ என வழங்குகிறது. படிகக்கல் மணலாகவும் தூசியாகவும் எங்கும் கலந்திருப்பது. அது கண்ணாடியிலும் கடிது. நகையைத் துணியால் துடைக்குந்தோறும் அத்தூசி கண்ணாடியின் விளிம்பைத் தேய்க்கிறது. ஆகவே, பல்லாண்டு அணிந்த நகையிற் கல்லின் விளிம்பு மழுங்கியிருந்தால் ஐயுறலாம். கூர்மை மாறாதிருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். அச்சில் வார்த்த மலிவான கண்ணாடியில் விளிம்பு தொடக்கத்திலேயே உருண்டிருக்கும். பட்டை நடுவிற் சற்றுக் குழிந்தும் இருக்கும்.

கல்லை உதட்டில் வைத்தால் கண்ணாடியினும் குளிர்ந்திருக்கும். உடலின் வெப்பத்தைக் கல் விரைந்து இழுத்துக்கொள்வதே காரணம். ஆயினும் சிறு கற்களில் இவ்வேறுபாடு எளிதிற் புலப்படாது. கட்டடத்தினின்றும் கழற்றிய கல்லாயின், பாடசாலை ஆய்வுகூடத்துத் தராசிலே காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்துச் சாரடர்த்தி காணலாம். படிகக்கல்லுக்கு 2.65, கோமேதகத்துக்கு ஏறக்குறைய 3.6, குருந்தத்துக்கு 4. சாதாரணக் கண்ணாடி இரண்டரையை ஒட்டி நிற்கும். ஆனால் ஈயம் கலந்த கண்ணாடி நாலையும் எட்டக்கூடும். ஆகவே எந்த ஒரு சோதனையும் தனியே தீர்ப்புக் கூறும் உரிமையுடையது அன்று. பல சாட்சிகளும் ஒருமுகமாகச் சொன்னால்தான் வழக்கு நிலைபெறும்.

பழைய நகைகளில் வேறு சில பொறிகளும் உண்டு. பின்புறம் மூடிய கட்டடத்தில், கல்லுக்குக் கீழே வண்ணத் தகடு வைத்து ஒளியூட்டுவர். அங்கே நாம் காணும் நிறம் கல்லின் நிறம் ஆகாமற் போகலாம். ஐரோப்பியர் கொண்டுவந்த நகைகளில், மேலே மெல்லிய கார்னெட் தகடும் கீழே நிறக்கண்ணாடியும் ஒட்டிய இரட்டைக் கற்கள் காணப்படும். கழற்றிய கல்லை வெள்ளைத் தாளில் முகங்கவிழ்த்து வைத்தால், பெரும்பாலும் சிவந்த வளையமொன்று தோன்றி அதனைக் காட்டிக்கொடுக்கும். ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று விற்கப்படும் வெள்ளைக்கல் 1976ஆம் ஆண்டளவிலேயே வணிகத்துக்கு வந்தது. அக்கல் பதித்த தோட்டை ஒருவர் தம் பாட்டனார் காலத்துச் சீதனம் என்றால், தோடு பழையதாயிருக்கலாம். கல் இடையில் மாற்றப்பட்டதாகவே இருக்கும்.

பெரும்பாலோர் ஏமாறுவது சிவப்புக் கல்லிலேதான். பாட்டியின் தோடு எண்பது ஆண்டு பழையது. ஆகவே அதன் கல் பூமியில் விளைந்ததே என்று நம்புகின்றனர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் வெர்னேய், சிவப்புக் கல்லைத் தீச்சுடரில் உருக்கிச் செய்யும் முறையை 1902ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். எண்பது ஆண்டுக்கு முற்பட்ட தோட்டிலும் செயற்கைக் கல் இருக்கலாம். அது கண்ணாடி அன்று. இயற்கைக் கல்லுக்கு உள்ள பொருளே அதற்கும் உண்டு. கடினமும் அடர்த்தியும் ஒன்றே. ஆனால் உலையிற் பிறந்தது. வில்லையால் நோக்கினால், இயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் நேராகவோ கோணமாகவோ செல்லும். அவ்வுலைக் கல்லில் அவை வில்போல் வளைந்து செல்லும். அப்பால், 1970களில் நம் நாட்டில் மதிப்பற்றதென்று தள்ளிய ‘கெவுட’ என்னும் பால்நிறக் குருந்தத்தைத் தாய்லாந்து வணிகர் வாங்கிச் சென்று, கடுஞ்சூட்டில் வேகவைத்து நீலக்கல் ஆக்கினர். இத்தகைய கற்களை வில்லை மட்டும் கொண்டு துணிந்து கூற இயலாது. கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடம் போன்ற இடத்துச் சான்றிதழே ஏற்றது.

பெரியோரும் இத்துறையில் இடறியுள்ளனர் என்பது எனக்கு ஆறுதல் தந்தது. இங்கிலாந்து அரச முடியின் முன்புறத்தே பதித்த ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் மாணிக்கம் அன்று, ஸ்பினல். நம் நாட்டில் எடுத்த பழுப்புக் கல் ஒன்றை நெடுங்காலம் வேறோர் இனமாகவே கருதி, காட்சிச்சாலைகளிலும் அவ்வாறே பெயர் எழுதி வைத்திருந்தனர். 1952ஆம் ஆண்டிலேயே அது தனியினம் எனத் தெரிந்து, இந்நாட்டின் வடமொழிப் பெயரால் ‘சிங்களைற்று’ என அழைக்கப்பட்டது.

ஆறுதலைக் காட்டிலும் எனக்குப் பாடமாக அமைந்தது மற்றொரு வரலாறு. 1945ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் றிச்சர்ட் டாஃப் என்பார், பழைய நகைகளினின்றும் கழற்றிய கற்களை ஒரு வணிகரிடமிருந்து வாங்கி ஆராய்ந்தார். அவற்றுள் இளம் ஊதாக் கல் ஒன்று ஸ்பினலைப் போன்றே இருந்தது. ஆனால் அதன் உள்ளே கோடுகள் இரட்டித்துத் தெரிந்தன. ஸ்பினலில் அவ்வாறு தெரிதல் கூடாது. அவர் அதற்குத் தாமே ஒரு பெயர் சூட்டிவிடவில்லை. கண்டதை எழுதி, கல்லையும் சேர்த்து, இலண்டன் ஆய்வுகூடத்திலிருந்த அண்டர்சன் என்பாருக்கு அனுப்பினார். உலகம் அதுவரை அறியாத ஒரு புதிய கனியம் அது என்று 1951ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர் பெயராலேயே அது டாஃபைற்று எனப்பட்டது. பின்னர் இலங்கைக் கற்களிடையேயும் அவ்வினம் கண்டறியப்பட்டது. நானும் அவரும் நோக்கியது ஒரே அடையாளத்தை. அவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டார். நான் அதனைக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறக்க இயலாது. அரிசியும் மாவும் எரிவாயுவும் எட்டாத விலைக்கு ஏறிய அந்நாட்களில், துணி முடிச்சுகள் மீண்டும் என் முன் அவிழ்ந்தன. ஒருநாள் என் மாணவி ஒருத்தி தன் தாயுடன் வந்தாள். கொண்டுவந்தது ஒரு பழைய புரோச்சு. நடுவிலே பெரிய நீலக்கல், சுற்றிலும் வெள்ளைக் கற்கள். மாணவியின் பாட்டி பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசாணி விடைபெற்றபோது தம் ஆடையினின்றும் கழற்றிக் கொடுத்தாராம். ‘என்றைக்காவது முடியாதபோது இந்த நீலம் நம்மைக் காப்பாற்றும்’ என்று பாட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வந்தார். அந்த ‘முடியாதபோது’ இப்போது வந்துவிட்டது.

இம்முறை நான் முதலில் தீர்ப்புச் சொல்லவில்லை. வில்லையை மாணவியின் கையிலேயே கொடுத்து, “என்ன தெரிகிறது, சொல் பார்ப்போம்” என்றேன். “விளிம்பு வட்டமா இருக்கு சேர். உள்ளே சின்னச் சின்ன முட்டை... சுத்தி வரக் கறுப்பா, சரியா வட்டமா” என்றாள். வெள்ளைக் கற்களின் பின்னே தகடு உரிந்து கறுத்திருந்ததையும் அவளே கண்டாள். ஒரு தாளில் அவள் கண்டவற்றை வரிசையாக எழுதச் செய்தேன். எழுதி முடித்ததும், யாரும் சொல்லாமலே இருவருக்கும் விளங்கிவிட்டது. “நான் கருதுவதும் அதுவே. எனினும் நான் கற்கூடத்தார் அல்லேன். ஐயம் இருந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்” என்றேன். தாய் புரோச்சை மீண்டும் துணியிற் சுற்றினாள். “பாட்டிக்கிட்டச் சொல்ல வேணாம் சேர்” என்றாள்.

அக்கணத்தில், வகுப்பறையில் ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் ஓர் இலக்கணச்சொல் நினைவுக்கு வந்தது. அறம் என்பதை அறன் என்கின்றோம். பந்தல் என்பதைப் பந்தர் என்கின்றோம். ஓரெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் மற்றோரெழுத்து வந்து நின்று, பொருளைக் கெடுக்காமல் அதன் பணியைச் செய்கிறது. இலக்கணம் அதற்குப் போலி என்று பெயர் வைத்தது. பழி ஒன்றும் கூறவில்லை. அந்தப் புரோச்சும் அத்தகையதே. அதனைக் கொடுத்த துரைசாணி நீலம் என்று சொன்னதாக அவ்வீட்டில் எவருக்கும் நினைவில்லை. நீலம் என்று பெயர் வைத்தது அன்புதான். அணிகலனாக அழகு செய்வதற்காகவே வார்த்த கண்ணாடி, தன் பணியை அரை நூற்றாண்டுக்கு மேல் குறைவின்றிச் செய்தது. எந்தக் கல்லும் தன்னை இன்னதென்று சொல்லிக்கொள்வதில்லை. பொய் புகுவது அதற்குப் பெயரும் விலையும் வைக்கும் நம் வாயினாலேதான். கோமேதகத்தைக் கண்ணாடி என்ற என் வாயும் அவற்றுள் ஒன்று.

இப்போது என் மேசையில் மூன்று தலைப்பிட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. கண்டது, கருதுவது, தெரியாதது என்பன அத்தலைப்புகள். நகையோடு வருவோருக்கு மூன்றையும் எழுதிக் கொடுக்கின்றேன். மூன்றாவது தலைப்பின் கீழ் ஒன்றும் இல்லாத பக்கம் இதுவரை அமைந்ததில்லை. செய்யுளுக்கு உரை காணும்போதும் என் மாணவரை இம்மூன்று தலைப்பிலேயே எழுதச் சொல்கின்றேன். பரீட்சை மதிப்பெண் அதனாற் குறைவதில்லை என்பதையும் இங்கே கூறிவைக்கின்றேன்.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர் பலர் நாளை மருத்துவராகவும் நீதிபதியாகவும் ஆசிரியராகவும் அமர்வர். ஏதேனும் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஏழை ஒருத்தி அவர்கள் முன்னும் வந்து நிற்பாள். அவர்கள் வாயினின்றும் வரும் ஒரு சொல்லை நம்பி வீடு திரும்புவாள். அவ்வேளையில், சிலம்பின் உள்ளே என்ன என்று முதலிற் கேட்க வேண்டும் என்று நம் கல்லூரி வகுப்பறையில் ஓர் ஆசிரியர் சொன்னதை அவர்கள் நினைவுகூர்வாராக. நான் அதனை எழுதி மதிப்பெண் பெற்றேன். கற்றுக்கொண்டது ஒரு மோதிரத்தின் விலைக்கு. அந்த விலையை நான் கொடுக்கவில்லை. கொடுத்தவள் ஒரு தாய்.

அறிவோடு அடக்கத்தையும் ஊட்டிய நம் கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.